காத்து, பட்டன், வயசு

2022 நவம்பர். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்திருந்த வாரம். அம்மாவின் ஊரான குலசேகரத்துக்கு நானும் அப்பாவும் காரில் போய்க்கொண்டிருந்தோம். திண்டிவனம் தாண்டி, விழுப்புரம் வருவதற்கு முன் சாலை கொஞ்சம் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. வேகம் 85. தண்ணீருக்குள் நுழைந்த அடுத்த நொடி ஸ்டீயரிங்கின் கனம் போய்விட்டது. வீடியோ கேம் ஸ்டீயரிங் மாதிரி இரண்டு பக்கமும் சும்மா சுற்றியது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். அது தவறு என்று இப்போது தெரியும். வண்டி பாதி வட்டம் அடித்து, மீடியனில் வளர்ந்திருந்த அரளிச் செடிகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

பின்னால் லாரி எதுவும் வரவில்லை. நாங்கள் பிழைத்ததற்கு வேறு காரணம் கிடையாது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னடா ஆச்சு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம். தகரக் கூரை, ஒரு கம்ப்ரஸர், அடையாளத்துக்கு மேலே தொங்கும் லாரி டயர். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். முன்சக்கரத்தில் கேஜை வைத்து அழுத்தினார். "இருபத்திரண்டு. முப்பத்திமூணு இருக்கணும்." டயரின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். "ரெண்டு ஓரமும் பட்டன் போயிடுச்சு." பிறகு தோளில் கிடந்த துண்டால் டயரின் பக்கவாட்டைத் துடைத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 2314.

"இருபத்திமூணாவது வாரம், ரெண்டாயிரத்துப் பதினாலு. இது பொறந்து எட்டு வருஷம் ஆச்சு தம்பி. வண்டி வாங்கறப்போ பாக்கலியா?"

பார்க்கவில்லை. போன வருடம்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஏசி பார்த்தேன், என்ஜின் சத்தம் கேட்டேன், டச் ஸ்கிரீனில் போனை இணைத்துப் பாட்டுப் போட்டுப் பார்த்தேன். டயரைக் காலால் ஓர் உதை உதைத்தேன். எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்!

"காத்து, பட்டன், வயசு. மூணையும் பாக்கணும்" என்றார் அவர்.

மென்பொருள் வேலையில் ஒரு சர்வர் படுத்துவிட்டால், அது ஏன் படுத்தது என்று பிற்பாடு உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். அப்பாவின் கேள்விக்கு நான் எழுதிக்கொண்ட அறிக்கை இது. அந்தக் கடைக்காரர் சொன்ன மூன்று சொற்களையும் பிடித்துக்கொண்டு போனதில் விழுப்புரத்தில் இருந்து ரொம்ப தூரம் போக வேண்டியிருந்தது.

வயசு

1830களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு ரப்பர் மோகம் இருந்தது. பிரேசிலில் இருந்து வந்த மரப்பாலில் தண்ணீர் புகாத காலணி, கோட்டு, பை எல்லாம் செய்தார்கள். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ராக்ஸ்பரி இந்தியா ரப்பர் கம்பெனி என்று ஒன்று. முதலீட்டாளர்கள் பணத்தைக் கொட்டினார்கள், இன்றைய ஸ்டார்ட்அப் கதை போலவே. பிறகு வெயில்காலம் வந்தது. விற்ற காலணிகள் உருகி, நாற்றமெடுத்து, கூட்டம் கூட்டமாகக் கடைக்குத் திரும்பி வந்தன. குளிர்காலத்திலோ அதே சரக்கு கட்டையாக விறைத்து வெடித்தது. தண்ணீரை ஜெயித்த பொருள் பருவகாலத்திடம் தோற்றுவிட்டது.

1834இல் அந்தக் கம்பெனியின் நியூயார்க் கடைக்குச் சார்ல்ஸ் குட்இயர் என்பவர் போனார். ஹார்டுவேர் வியாபாரத்தில் நொடித்துப்போனவர். அங்கே விற்ற உயிர்காப்பு மிதவையின் வால்வு சரியில்லை, நான் நல்லதாக ஒன்று செய்து தருகிறேன் என்று வாய்ப்புக் கேட்கத்தான் போனார். பிரச்சினை வால்வில் இல்லை, ரப்பரிலேயே இருக்கிறது என்று அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. அடுத்த ஐந்து வருடம் அந்த ஒரு வாக்கியம் அவரைத் தின்றது. கடனுக்காகச் சிறைக்குப் போனார். வீட்டில் இருந்ததை எல்லாம் விற்றார். மக்னீசியா, சுண்ணாம்பு, நைட்ரிக் அமிலம் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் ரப்பரோடு கலந்து பார்த்தார். 1839இல் மாசசூசெட்ஸின் வோபர்ன் ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது அது உருகவில்லை; தோல் மாதிரிக் கருகியது. கருகிய ஓரத்தை ஒட்டி, வளைந்தும் நிமிர்ந்தும் கொடுக்கிற ஒரு பகுதி இருந்தது. இன்றைய டயர் அங்கேதான் தொடங்குகிறது.

ரப்பர் மூலக்கூறு என்பது மிக நீண்ட ஒரு நூல். பச்சை ரப்பர், தட்டில் குவித்த இடியாப்பம். சூடானால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போய்விடும். கந்தகமும் சூடும் சேரும்போது இழைக்கும் இழைக்கும் நடுவே அங்கங்கே முடிச்சு விழுகிறது. முடிச்சு இருப்பதால் இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். குட்இயர் 1844இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டார். ஹான்காக்கின் நண்பர் ஒருவர், ரோமானிய நெருப்புக் கடவுளின் பெயரில் இதற்கு ‘வல்கனைசேஷன்’ என்று பெயர் வைத்தார். நம் தெருமுனையில் ‘வல்கனைசிங் ஒர்க்ஸ்’ என்று போர்டு மாட்டியிருக்கிற ஒவ்வொரு கடையும் அந்தக் கடவுளின் சந்நிதிதான். 1860இல் குட்இயர் இறந்தபோது அவருக்குச் சுமார் 2 லட்சம் டாலர் கடன். 1898இல் அவர் பெயரில் தொடங்கிய டயர் கம்பெனிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் என் கார் சுற்றியிருக்காது. முடிச்சுப் போடும் வேலை தொழிற்சாலையோடு நிற்பதில்லை. ஒவ்வொரு மே மாத வெயிலும் டயரை இன்னும் கொஞ்சம் சமைக்கிறது. முடிச்சுகள் கூடக்கூட ரப்பர் இறுகுகிறது. ஆக்ஸிஜன் இழைகளை அறுக்கிறது. ஓசோன் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்களைப் போடுகிறது. இதைத் தாமதிக்க டயருக்குள் மெழுகும் வேதிப்பொருட்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை நன்றாக மேலே கசிந்து வந்து தோலைக் காக்கும். ஆக, ஓடாமல் நிற்கிற வண்டியின் டயர் சும்மா இருக்கிறது என்று அர்த்தமில்லை, அதற்கும் வயதாகிறது. "முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு சார்" என்று புரோக்கர் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். ஊரடங்கில் மொட்டை வெயிலில் நின்றே கழித்த மாதங்கள் மீட்டரில் ஏறாது.

கார் தயாரிப்பாளர்கள் பலர் ஆறு வருடத்தில் டயரை மாற்றச் சொல்கிறார்கள். டயர் கம்பெனிகள் அதிகபட்சமாகப் பத்து வருடம் என்கின்றன. அந்த நான்கு எண்களில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். புது டயர் வாங்கும்போதும் பாருங்கள். குடோனில் கிடந்தே வயதான டயரும் ‘புதுசு’ என்றுதான் விற்கப்படும்.

காத்து

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வருடம் 1845. குதிரை வண்டிக்காகச் செய்தார். யாரும் சீண்டவில்லை, மறந்துவிட்டார்கள். 1888இல் பெல்ஃபாஸ்டில் இருந்த ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்ததற்குக் காப்புரிமை வாங்கினார். தாம்சன் முந்திவிட்டார் என்பதால் அது பின்னாளில் செல்லாமல் போனது. ஆனால் அதற்குள் உலகமே சைக்கிளில் ஏறியிருந்தது. 1895 பாரிஸ்–போர்டோ பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர்கள் காற்று டயர் மாட்டிய காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஜெயிக்கவில்லை, ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தக் காலத்து டயர் கருப்பாக இருக்காது. ரப்பரை வலுவாக்கக் கார்பன் பிளாக் என்ற கரித்தூளைச் சேர்க்கும் வழக்கம் 1910களில்தான் பரவியது. மிஷ்லினின் டயர் பொம்மை வெள்ளையாக இருப்பது அது 1898இல் பிறந்ததால்தான்.

சைக்கிளும் காரும் கேட்ட ரப்பருக்கு விலை கொடுத்தவர்கள் அதில் ஏறாதவர்கள். காங்கோவைப் பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த காலத்தில், காட்டு ரப்பர் போதுமான அளவு கொண்டுவராத கிராமங்கள் எரிக்கப்பட்டன, மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டன. 1904இல் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை அதை உலகத்துக்குச் சொன்னது. இன்னொரு பக்கம், 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார். முளைத்ததில் பெரும்பகுதி இலங்கைக்குக் கப்பலேறியது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னால் மலாயா முழுக்க ரப்பர் தோட்டங்கள் எழுந்தபோது, அங்கே பால் வெட்டக் கங்காணிகள் நம் ஊர்களில் இருந்துதான் ஆள் பிடித்துப்போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கச் சாலைகளில் உருண்ட டயர்களில் எத்தனையோ, விடியும் முன் ஒரு தமிழ்ப்பெண்ணோ ஆணோ கத்தி வைத்துக் கீறிய மரத்தின் பால்.

அந்த வரத்து சில மாதங்களில் நின்றுபோனது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 சதவீதம் அதோடு போயிற்று. தோட்டங்களில் இருந்த தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. அதே வருடம், உலகத்தின் மறுபக்கத்தில், ஓர் அரசாங்கம் தன் குடிமக்களுக்கு டயரைப் பராமரிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. போர்க்கால அமெரிக்காவில் முதலில் ரேஷனுக்கு வந்த பொருள் டயர். ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருந்தால் அரசிடம் விற்றுவிட வேண்டும். டயர்களை அவ்வப்போது பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். வேக வரம்பு மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர். 1942 டிசம்பரில் நாடு முழுக்கப் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்தது. பெட்ரோல் தாராளமாக இருந்த பகுதிகளிலும்தான். வண்டி ஓடாமல் இருந்தால்தானே டயர் தேயாது! மெதுவாகப் போ, காற்றைச் சரிபார், இடம் மாற்றிப் போடு என்று இன்று சர்வீஸ் புத்தகத்தில் நாம் படிக்காமல் புரட்டுகிற அறிவுரைகள் அன்று போர்க்கடமைகளாக இருந்தன.

காற்றை அலட்சியம் செய்ததன் விலை 2000இல் மறுபடி தெரிந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் மாட்டியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் நெடுஞ்சாலையில் தோலுரிந்தன. ஓடும்போதே மேல்பட்டை பிய்ந்து வண்டி உருண்டது. அந்த வருடம் ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். இறந்தவர்கள் 200 பேருக்கு மேல். இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று கைகாட்டின. டயர் செய்ததில் குறை என்றது ஒன்று. 26 பி.எஸ்.ஐ. என்று குறைந்த காற்றழுத்தத்தைப் பரிந்துரைத்த காரில்தான் குறை என்றது மற்றது. நூறு வருடத்தை நெருங்கிய உறவு 2001இல் முறிந்தது. விபத்துகள் எங்கே அதிகம் நடந்தன என்பதைப் பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். அரிசோனா, டெக்ஸஸ், ஃபுளோரிடா, கலிபோர்னியா. எல்லாம் வெயில் மாநிலங்கள். குறைந்த காற்று, நீண்ட தூரம், அதிக வேகம், கொதிக்கும் சாலை. நம் மே மாத நெடுஞ்சாலைப் பயணத்தின் வர்ணனையும் இதுதான். இந்த விவகாரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால்தான் டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் எச்சரிக்கை விளக்கு அமெரிக்கக் கார்களில் கட்டாயமானது.

நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: "வெயில் காலத்துல காத்தைக் கொஞ்சம் கம்மியா வை, விரிஞ்சு வெடிச்சிடும்." நானும் அதை நம்பித்தான் ஏப்ரலில் காற்றைக் குறைத்திருந்தேன், அப்புறம் மறந்தும் போனேன். உண்மை நேர் எதிர். சூட்டில் அழுத்தம் ஏறுவது நிஜம்தான், சுமார் ஐந்தரை டிகிரி செல்சியஸுக்கு ஒரு பி.எஸ்.ஐ. ஆனால் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கிற எண் அதையும் கணக்கில் எடுத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரிகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சுடுவது போலச் சுடுகிறது. டயரைக் கொல்வது பெரும்பாலும் இந்த உள்சூடு. அதனால் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். கதவோரத்து எண்தான் கணக்கு. டயரின் மேல் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்சம். அதை வைத்துக் காற்றடைக்கக் கூடாது.

பட்டன்

பட்டன் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது டயரின் மேல் இருக்கிற ரப்பர்க் கட்டிகளை. ஆரம்பத்தில் கார் டயர்கள் வழவழவென்றுதான் இருந்தன. 1908 வாக்கில் ஃபயர்ஸ்டோன், டயரின் மேல் ‘ஃபயர்ஸ்டோன்’, ‘நான்-ஸ்கிட்’ என்ற எழுத்துகளையே சாய்வாக வார்த்துப் பட்டனாக்கியது. வழுக்காது என்ற வார்த்தையை வைத்தே வழுக்காமல் செய்யப் பார்த்தார்கள்!

பட்டன் இருந்தால்தான் சாலையைப் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். காய்ந்த சாலையில் அப்படியில்லை. பந்தயக் கார்களுக்குக் காய்ந்த தடத்தில் பட்டனே இல்லாத மொழுக்கை டயர்தான் மாட்டுகிறார்கள். எவ்வளவு ரப்பர் தரையைத் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் தண்ணீருக்காக இருக்கின்றன. தேய்ந்த டயர் ஆறு மாதம் நம்மை ஏமாற்றுவதும் இதனால்தான். மார்ச் முதல் செப்டம்பர் வரை அது நன்றாகவே பிரேக் பிடிக்கும். முதல் பெருமழையில் உண்மையைச் சொல்லும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் கிலோ கார், ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. 33 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. ஆக, டயர் தரையைத் தொடும் இடம் 110 சதுர சென்டிமீட்டர் அளவு. ஓர் உள்ளங்கை. நான்கையும் சேர்த்தால் ஓர் ஏ4 தாளைவிடச் சின்னது. எங்கள் குடும்பத்தின் உயிர் அந்தத் தாளுக்குள் இருந்தது. இனி தண்ணீர். 18 சென்டிமீட்டர் அகல டயர், சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர், வேகம் 80. ஒவ்வொரு நொடியும் 12 லிட்டர் தண்ணீரை அந்த ஒரு டயர் ஒதுக்கியாக வேண்டும். நொடிக்கு ஒரு வாளி. பள்ளம் தேய்ந்திருந்தால் தண்ணீர் போக இடமில்லாமல் டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது. வண்டி மிதக்கிறது.

1960களில் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஹார்ன் இதை ஆராய்ந்தார். ஈரமான ஓடுபாதையில் விமானங்கள் ஏன் சறுக்குகின்றன என்பது அவர் கேள்வி. கிடைத்த சூத்திரம் ஆச்சரியமான எளிமை: மிதக்கத் தொடங்கும் வேகம், மணிக்கு மைலில், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் போலச் சுமார் 10.35 மடங்கு. விமான டயர்களுக்கு வந்தது என்பதால் காருக்கு உத்தேசம்தான். என் எண்களைப் போட்டேன். 33 பி.எஸ்.ஐ. இருந்திருந்தால் மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டர். 22க்கு 78. நான் போனது 85.

அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் அப்பா உட்கார்ந்திருந்தார்.

ஊசலாடும் பருவத்தை ஒரே டயரால் சமாளிக்க முடியாது என்று முதலில் ஒப்புக்கொண்டவர்கள் பின்லாந்துக்காரர்கள். 1934இல் அங்கே சுவோமன் கும்மிதெஹ்தாஸ் என்ற ரப்பர் ஆலை, பனிச்சாலைக்கென்றே ஒரு லாரி டயரைக் கொண்டுவந்தது. 1936இல் கார்களுக்கு. அந்த ஆலை 1967இல் இணைந்த நிறுவனத்தின் பெயர் நோக்கியா. நம் முதல் செல்போனுக்கு முன் அவர்கள் டயரும் ரப்பர் பூட்ஸும் செய்துகொண்டிருந்தார்கள். குளிர்கால டயரின் ரகசியம் பட்டன் வடிவத்தில் பாதி, ரப்பர்க் கலவையில் பாதி. கோடைக் கலவை சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும், ராக்ஸ்பரி காலணி மாதிரி. குளிர்காலக் கலவை அப்போதும் மெத்தென்று இருக்கும். ஆனால் அதை நம் ஊர் வெயிலில் போட்டால் வெண்ணெயாகத் தேயும். ஜெர்மனியில் பனிச்சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் போனால் அபராதம். ஆல்-சீசன் என்று விற்பது இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்.

நமக்கு அந்தத் தலைவலி இல்லை. நம் பருவங்கள் இரண்டுதான்: சாலை 60 டிகிரிக்குக் கொதிக்கும் கோடை, சாலை குளமாகும் ஐப்பசி, கார்த்திகை. கோடைக்குக் காற்று, மழைக்குப் பட்டன். சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் அது சட்டத்தின் எல்லை, மழையின் எல்லை அல்ல. 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே ஈரச் சாலையில் நிற்கும் தூரம் கூடுகிறது. மழைக்கு முன் மாற்றுவது நல்லது. இரண்டு மட்டும்தான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்சக்கரத்தில் போடச் சொல்கிறார்கள் டயர் கம்பெனிக்காரர்கள். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். பின்பக்கம் வழுக்கினால் சுற்றும்.

அன்று திருச்சி வரை அறுபதைத் தாண்டாமல் ஓட்டினேன். அங்கே நான்கு டயரும் மாற்றினோம். தேதி பார்த்தேன்: மூன்று மாதக் குழந்தை. கடைப்பையன் பழைய ஸ்டெப்னியைக் காட்டி, "இதையும் பாத்துக்குங்க சார்" என்றான். அதுவும் 2314. ஒரு முறைகூடத் தரையைத் தொடாமலே கிழடாகியிருந்தது.

மறுநாள் காலை குலசேகரத்தில் மழை விட்டிருந்தது. மாமா தோட்டத்துக்குக் கிளம்பினார், நானும் போனேன். ஒவ்வொரு ரப்பர் மரத்துக்கும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தது. பட்டையில் வழியும் மழைத்தண்ணீர் சிரட்டையில் விழுந்து பாலைக் கெடுக்காமலிருக்க. சின்ன வயதில் இருந்தே பார்த்த காட்சி. ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"இது இல்லேன்னா மழையில வெட்டே கிடையாது மக்களே. மாசி வந்தா எல உதிரும், அப்பவும் கத்திக்கு லீவு" என்றார் மாமா. நடந்ததை அப்பா இரவே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சிரட்டையை நிமிர்த்தி வைத்தபடி கேட்டார்: "புது டயரு எந்த மாசத்துல செஞ்சதாம்?"

"ஆகஸ்ட்" என்றேன்.